“எப்போது பேசுவான்?” – ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடு காட்டும் ஒரு வளர்ச்சி நிலை) உள்ள குழந்தைகளுக்குப் பேச்சு மொழிப் பயிற்சி அளிப்பது என் தொழில். பயிற்சி முடிந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அடுத்த குழந்தை வாசலில் காத்திருக்கும்போது அவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் இன்னும் தெளிவாக இருக்கும்.

இரண்டரை வயது ஆகிறது. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இது ஆட்டிசம்தானா?

பேச்சு தாமதமாவதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. என்னிடம் வரும் குழந்தையின் வாயைவிட விரலைத்தான் நான் முதலில் கவனிப்பேன். ஜன்னலில் காக்கை வந்து உட்கார்ந்தால் அதை விரல் நீட்டிக் காட்டுகிறதா? காட்டிவிட்டு, அம்மாவும் பார்க்கிறாளா என்று திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறதா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? டாட்டா காட்டுகிறதா? பேச்சு வராவிட்டாலும் இவையெல்லாம் இருந்தால் நிலைமை வேறு. இவையும் இல்லையென்றால் ஆட்டிசம் இருக்கிறதா என்று முறையாகப் பரிசோதிக்க வேண்டும்.

12 மாதத்தில் சைகையோ மழலையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் தானாகச் சொல்லும் இரண்டு சொல் தொடர் இல்லை, எந்த வயதிலானாலும் வந்த பேச்சு நின்றுபோனது: இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற வினாத்தாள் பயன்படுகிறது. அது சந்தேகத்தை மட்டுமே காட்டும், முடிவு சொல்லாது. தமிழ்நாட்டில் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள்; அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான டி.இ.ஐ.சி. என்று சொன்னால் உடனே வழி காட்டுவார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது.

டிவியில் விளம்பரப் பாட்டு வந்தால் அடுப்படியிலிருந்து ஓடி வருகிறான். இவனுக்குக் காதுப் பரிசோதனை எதற்கு?

பாட்டின் தாளமும் தடித்த ஒலிகளும் கேட்கும் ஒரு குழந்தைக்கு ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தாலும் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். ஓ.ஏ.இ. (உட்காது ஒலிக்குத் தரும் பதிலை அளப்பது), பெரா (ஒலி நரம்பு வழியே மூளைக்குச் செல்வதைப் பதிவு செய்வது) ஆகிய இரண்டு பரிசோதனைகளிலும் வலி கிடையாது. பெராவைக் குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். ஒருமுறை எடுத்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

“இவன் அப்பாவே நான்கு வயதில்தான் வாய் திறந்தான்” என்கிறார் என் மாமியார். காத்திருந்து பார்க்கலாமா?

மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசுவது சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. ஆனால் பயிற்சியைத் தொடங்க ‘ஆட்டிசம்’ என்று எழுதிய சீட்டு தேவையில்லை. சிறு வயதில் நாங்கள் கற்றுக்கொடுப்பது குழந்தையோடு விளையாடும் முறையும் பேசும் முறையும்தான். பின்னர் அவன் தானாகவே பேசிவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. பேசாமல் போனால், காத்திருந்த இரண்டு வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

ஒன்றரை வயதில் “அம்மா”, “தாத்தா”, “பஸ்” எல்லாம் சொன்னான். பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோனது. செல்போன் கொடுத்ததாலா? தடுப்பூசியாலா?

இரண்டாலும் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு, பெரும்பாலும் 15 முதல் 24 மாதத்துக்குள், வந்த சொற்களோ சிரிப்போ பார்வையோ பின்வாங்குகின்றன. முக்கியமான தடுப்பூசிகள் போடும் காலமும் அதுவே என்பதால் இரண்டும் முடிச்சுப்போடப்பட்டுவிட்டன. தடுப்பூசியைக் குற்றம் சாட்டிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்விலும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

செல்போனைப் பொறுத்தவரை, ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று சமூக ஊடகங்களில் சொல்லப்படுவது எந்த மருத்துவ நோய்ப் பட்டியலிலும் இல்லை. திரை நேரத்தைக் குறைக்கச் சொல்வோம். திரைக்கு முன்னால் கழியும் நேரத்தில் யாரும் குழந்தையோடு பேசுவதில்லை என்பதுதான் காரணம். “நீ போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்” என்று அம்மாவை நோக்கி நீட்டப்படும் விரலுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்கு மேல் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று நிறுத்தினால் நரம்பியல் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். வெளியே தெரியாத வலிப்பு காரணமாக இருக்கலாம்.

நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வரும் என்கிறார்களே? நாக்குக்கு அடியில் வெட்டிவிடவும் சொல்கிறார்கள்.

வசம்பு வேண்டாம். அதில் உள்ள அசரோன் என்ற பொருள் எலிகளிடம் கட்டிகளை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அதைக் குழைத்துத் தரும் தேனும் ஒரு வயதுக்குள் கூடாது. நாக்கு அடியில் ஒட்டியிருந்தால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், ஓரிரு எழுத்துகள் தெளிவில்லாமல் ஒலிக்கலாம். ஆனால் குழந்தை பேசாமலே இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பான். வாயால் கேட்கவே மாட்டான். எப்படிக் கேட்க வைப்பது?

கேட்டுவிட்டானே! தண்ணீர் எங்கே இருக்கிறது, யாரால் எடுத்துத்தர முடியும், அவரை எப்படி அங்கே கொண்டுபோவது என்று இத்தனையும் யோசித்துத்தான் அவன் உங்கள் கையைப் பிடித்தான். அதில் குறைவது உங்கள் முகத்தைப் பார்ப்பதும் சொல்லும் மட்டும்தான். எங்கள் துறையில் பேச்சு (வாயால் ஒலிப்பது) வேறு, மொழி (சொற்களை அறிந்து கோப்பது) வேறு, தொடர்பு (நினைத்ததைப் பிறருக்கு உணர்த்துவது) வேறு. இவனிடம் தொடர்பு இருக்கிறது. அதன் மேல்தான் மற்ற இரண்டையும் கட்டியெழுப்ப முடியும்.

செய்ய வேண்டியது இது. கை கதவைத் தொட்டதும், அவனுக்குப் பேச வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ அதை நீங்கள் சொல்லுங்கள்: “தண்ணீர்!” உடனே கொடுத்துவிடுங்கள். (நான் எழுத்து நடையில் எழுதுகிறேன், நீங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள்.) “சொல்லு, சொன்னால்தான் தருவேன்” என்று டம்ளரைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். தாகத்தோடு நிற்கும் குழந்தை அதில் கற்றுக்கொள்வது, அம்மாவிடம் கேட்டால் அழவேண்டியிருக்கும் என்பதைத்தான். சில நாள் கழித்து, மூடி இறுக்கமான பாட்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்று எண்ணுவதற்குள் யாராவது உதவிக்கு வந்துவிடுகிறார்கள். அந்த அமைதியில்தான் அவன் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பான், அல்லது பாட்டிலை நீட்டுவான், அல்லது ஓர் ஒலி எழுப்புவான். மூன்றுக்கும் பதில் கொடுங்கள்.

கூடவே, “இது என்ன? அது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?” என்று நாள் முழுக்கப் பரீட்சை வைப்பதை நிறுத்துங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி ஒரு சொல், இரண்டு சொல் சொல்லுங்கள். “மின்விசிறி. சுற்றுகிறது.” அவ்வளவு போதும்.

“சாதம் வேண்டுமா?” என்று கேட்டால் “சாதம் வேண்டுமா?” என்றே திருப்பிச் சொல்கிறாள். கேலி செய்கிறாளா?

இல்லை. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் முதன்முதலாக விரிவாக விவரிக்கப்பட்டது. கேள்வியையே திருப்பிச் சொல்லி ‘ஆமாம்’ என்று உணர்த்தும் வழக்கத்தை அவர் அதிலேயே குறித்திருக்கிறார். பிறகு வெகுகாலம் இதை அர்த்தமற்ற எதிரொலி என்று ஒதுக்கி, தடுக்கவே பயிற்சி கொடுத்தார்கள். 1981-இல் பேரி பிரிசான்ட்டும் ஜூடித் டூக்கனும் குழந்தைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, திருப்பிச் சொல்வதற்கு ஏழு விதமான பயன்கள் இருப்பதைக் கண்டார்கள். சம்மதம் சொல்ல, கேட்க, பேச்சில் தன் முறையை விட்டுவிடாமல் இருக்க, கேட்டதை மனதில் நிறுத்திப் புரிந்துகொள்ள என்று அவை நீள்கின்றன.

உங்கள் மகள் சொன்னதையும் தட்டையும் சேர்த்துப் பாருங்கள். “சாதம் வேண்டுமா?” என்றுவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் அது ‘ஆமாம்’. சொல்லிக்கொண்டே தட்டைத் தள்ளினால் அவளுக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் இன்னும் கிடைக்கவில்லை. தமிழில் இவளுக்கு ஒரு வசதி உண்டு: கடைசியில் உள்ள ‘ஆ’வை மட்டும் விட்டுவிட்டால் “சாதம் வேண்டும்” என்று சரியான பதிலே வந்துவிடுகிறது. அதனால் கேள்வியாகக் கேட்பதைக் குறைத்து, அவள் சொல்ல வேண்டிய வடிவத்திலேயே முதலில் நீங்கள் சொல்லுங்கள்: “சாதம் வேண்டும்”, “போதும்”, “எனக்குப் பசிக்கிறது”. கேட்டதை அப்படியே பிடிக்கும் காது அவளுக்கு. சரியானதையே பிடிக்கட்டும்.

என்றோ கேட்ட வசனத்தைச் சம்பந்தமே இல்லாமல் சொல்கிறான். அதற்கும் அர்த்தம் இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். கண்டுபிடிக்கத்தான் துப்பறிய வேண்டும். முடிவெட்டும் கடை வாசலில் நின்றுகொண்டு ஒரு சிறுவன் “ஒன்றும் இல்லை, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஊசி போடும்போது நர்ஸ் சொன்ன வாக்கியம் அது. அன்றைய பயம் முழுவதும் அந்த வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கத்தரிக்கோலைப் பார்த்ததும் அவன் சொன்னது, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’. எறும்பு எங்கேயும் இல்லை என்று அவனுக்கு விளக்கிப் பயன் இல்லை. “பயமாக இருக்கிறது. அம்மா கூடவே இருக்கிறேன்” என்று சொன்னால் அடுத்த முறைக்கு அவனுக்கு ஒரு சொல் கிடைக்கும்.

ஒரு நோட்டில் வசனம், அது முதலில் எங்கே கேட்டது, இப்போது எப்போது சொல்கிறான் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிவாருங்கள். பள்ளியில் ஆசிரியரிடமும் ஒரு நகல் கொடுங்கள். இப்படி மொத்த மொத்தமாகப் பிடித்த வாக்கியங்களைப் படிப்படியாக உடைத்துச் சொந்த வாக்கியமாக்கும் பயிற்சித் திட்டங்கள் இப்போது இணையத்தில் அதிக விலைக்கு விற்கப்படுகின்றன. அந்தப் படிநிலைகளுக்கு உறுதியான ஆய்வு ஆதாரம் இன்னும் சேரவில்லை. நோட்டுக்குச் செலவு இல்லை, அதிலிருந்து தொடங்குங்கள்.

நாங்கள் பேசுவது தமிழ். இவன் கார்ட்டூனில் வரும் ஆங்கிலத்தில் பேசுகிறான். இன்னொரு வீட்டுப் பையன் டப்பிங் தமிழில் “நீ எங்கே செல்கிறாய்?” என்கிறானாம். எப்படி?

பலரும் அதிர்ச்சியோடு கேட்கும் கேள்வி. ஆனால் இது உலகெங்கும் நடக்கிறது. துனீசியாவில் வீடுகளில் பேசும் அரபி வேறு, கார்ட்டூனில் வரும் செம்மை அரபி வேறு. அங்கே ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் வீட்டில் யாருமே பேசாத கார்ட்டூன் அரபியில் பேசுவதை 2019-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நம் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரமும் அப்படிப்பட்டதுதான். திரையில் வரும் வாக்கியம் ஒவ்வொரு முறையும் அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில் வருகிறது. மனிதர்கள் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்வதில்லை. இந்தக் குழந்தைகளில் சிலருக்கு மாறாமல் வரும் ஒலியிலிருந்து மொழியைப் பிடிப்பது எளிதாக இருக்கிறது.

அந்த ஆங்கிலத்தை அதட்டி நிறுத்தாதீர்கள். அவன் “ஓப்பன் த டோர்” என்றால் கதவைத் திறந்துகொண்டே “கதவைத் திற” என்று சொல்லுங்கள்.

இரண்டு மொழி குழப்பும், வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். மாறிவிடட்டுமா?

வேண்டாம். இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒருமொழிச் சூழலில் வளர்பவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், இரண்டாவது மொழியால் கூடுதல் தாமதம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. நீங்கள் தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலத்தைவிட, கோபத்திலும் கொஞ்சலிலும் தானாக வரும் தமிழில்தான் குழந்தைக்குக் கேட்க அதிகம் இருக்கிறது. பாட்டியோடு பேச அவனுக்கு வேறு மொழி கிடையாது.

படம் காட்டும் அட்டை, டேப்லெட் எல்லாம் கொடுத்தால் வாயால் பேச முயற்சியே செய்யமாட்டானே?

என்னிடம் மிக அதிகமாக வரும் அச்சம் இதுதான். பல குழந்தைகளின் வருடங்களை இந்த அச்சம் வீணாக்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2006-இல் மில்லர், லைட், ஷ்லோசர் என்ற மூன்று ஆய்வாளர்கள், பேச்சு வராதவர்களுக்கு மாற்றுவழித் தொடர்பு (படம், சைகை, கருவி போன்றவை) கற்றுக்கொடுத்த ஆய்வுகளை அலசினார்கள். நம்பத்தகுந்த முறையில் செய்யப்பட்டவற்றில் இருந்த 27 பேரில் 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு கூடியிருந்தது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கூடிய அளவு பெரும்பாலும் சிறியதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் “பேச்சு போய்விடும்” என்பதற்கு ஆதாரம் இல்லை.

பட அட்டையைக் கையில் கொடுத்துக் கேட்கும் பெக்ஸ் முறை 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கியது. படத்தைத் தொட்டால் அதன் சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவான அவாஸ் செயலியைத் தமிழிலும் பயன்படுத்தலாம். பணமில்லையென்றால், படங்கள் ஒட்டி லேமினேட் செய்த ஒரு தாளே போதும்.

டேப்லெட் வாங்கிக் கொடுத்தோம். எந்நேரமும் “பிஸ்கட்” மட்டும் அழுத்துகிறான். பயன் இல்லையே?

உங்கள் விரல் அந்தத் திரையை எத்தனை முறை தொட்டது? பேசும் குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஒரு வருடம் நம் பேச்சைக் கேட்கிறது. இவனுக்குப் படங்களின் மொழியில் பேசிக் காட்டியவர் யாரும் இல்லை. நீங்கள் பேசும்போதே படங்களையும் தொட்டுக்கொண்டே பேசுங்கள்: “தோசை”, “சூடு”, “போதும்”, “போகலாம்”. அவனைத் தொடச் சொல்லி வற்புறுத்தாமல் பல வாரங்கள் இப்படியே செய்யுங்கள். பெயர்ச்சொற்களோடு “வேண்டாம்”, “நிறுத்து”, “வலிக்கிறது”, “பிடிக்கவில்லை” ஆகியவையும் அந்தப் படப் பலகையில் (டேப்லெட்டோ தாளோ) இருக்க வேண்டும். பிஸ்கட் தீர்ந்துபோனால் பிஸ்கட் படத்தை மறைத்துவைக்காதீர்கள். “பிஸ்கட் – தீர்ந்தது” என்று காட்டுங்கள்.

ஐந்து வயது தாண்டினால் பேச்சு வரவே வராது என்கிறார்களே?

அது பொய். நான்கு வயதில் கடுமையான மொழித் தாமதம் இருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், எட்டு வயதோ அதற்கு மேலோ ஆனபோது 70 விழுக்காட்டினர் சொற்றொடர்களிலும், 47 விழுக்காட்டினர் சரளமாகவும் பேசியிருந்தார்கள். அதே கணக்கில் பேசாத குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 30 விழுக்காட்டினர் மிகக் குறைந்த பேச்சோடுதான் வளர்கிறார்கள். எவன் எந்தப் பக்கம் என்று மூன்று வயதில் யாரும் கணித்துச் சொல்ல முடியாது. உத்தரவாதம் தருபவரிடம் பணம் கட்டாதீர்கள். டேப்லெட்டை, பேச்சு வராது என்று முடிவான பிறகு தரும் கடைசி ஆறுதலாக நினைக்காமல், இப்போதே தொடங்குங்கள்.

என் மகள் நன்றாகவே பேசுகிறாள். ஆனால் ரயிலைப் பற்றி மட்டும். மற்றவர் சொல்வதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறாள். இதுவும் ஆட்டிசத்தில் சேருமா?

சேரும். சொல்வளம் நிறைய இருந்தும், பேச்சை எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது, சொல்லாமல் விட்டதை எப்படி ஊகிப்பது என்பவற்றில் வேறுபாடு இருக்கலாம். குரல் ஒரே தட்டையாகவோ பாடுவதுபோலவோ ஒலிக்கலாம். நம் வழக்கில் விருந்தினர் கிளம்பும்போது “போய் வருகிறேன்” என்கிறார். அதைக் கேட்டு அவர் உடனே திரும்பி வருவார் என்று வாசல் கதவருகே ஒரு மணி நேரம் நின்ற குழந்தையை எனக்குத் தெரியும். அவள் சொன்னதை நம்பினாள். “அத்தை வீட்டுக்குப் போகிறாள். பொங்கலுக்கு வருவாள்” என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

திருத்த வேண்டியது குழந்தையை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல், புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்கும், அவர் அதற்கடுத்தவருக்கும் சொல்லிக் கடத்தவேண்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் மட்டும் இருந்த குழுக்கள் ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டும் இருந்த குழுக்களுக்கு இணையாகவே கடத்தின. இருதரப்பும் கலந்த குழுக்களில்தான் கதை அதிகம் சிதைந்தது. உங்கள் மகளுக்கு ரயில் பிடித்த இன்னொரு குழந்தையைத் தேடித் தாருங்கள்.

கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்க வேண்டாமா?

வேண்டாம். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது புரிவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். முகவாயைப் பிடித்துத் திருப்புவது கூடவே கூடாது.

கேட்டது கிடைக்காவிட்டால் அடிக்கிறான், தன் கையைக் கடித்துக்கொள்கிறான். இதற்கும் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம் உண்டு. 1985-இல் கார், டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைகளின் முரட்டு நடத்தை எதைக் கேட்கிறது என்று முதலில் கண்டறிந்தார்கள். சிலருக்குப் பாடம் கடினமாக இருந்தது, சிலருக்குக் கவனிப்பு வேண்டியிருந்தது. அதையே கேட்கும் வாக்கியம் ஒன்றைக் கற்றுக்கொடுத்ததும் நடத்தை குறைந்தது. மேலே சொன்ன பலகையில் “நிறுத்து” ஏன் இருக்க வேண்டும் என்பது இப்போது புரியும். அவன் அதை அழுத்தினால் முதல் சில வாரங்கள் உண்மையாகவே நிறுத்துங்கள்.

திடீரென்று தொடங்கிய அடியானால் முதலில் உடம்பைப் பாருங்கள். காதில் அடித்துக்கொள்பவனுக்குக் காதில் சீழ், தாடையில் அடித்துக்கொள்பவனுக்குப் பல் சொத்தை, இரவில் கத்துபவனுக்கு மலச்சிக்கல் இருக்கலாம்.

ஒருவர் இவன் கையைப் பிடித்துக்கொண்டால் கவிதைகூட டைப் செய்கிறான். கையை விட்டால் முடியவில்லை. நம்பலாமா?

எழுதுவது யார் என்பதுதான் கேள்வி. 1990-களில் இது சோதிக்கப்பட்டது. குழந்தைக்கு ஒரு படமும் கையைப் பிடித்தவருக்கு வேறு படமும் காட்டியபோது, பிடித்தவர் பார்த்த படத்தின் பெயரே எழுதப்பட்டது. அவர்கள் ஏமாற்றவில்லை, தங்கள் விரல்தான் நகர்த்துகிறது என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கம் 2018-இல் இம்முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. யாரும் தொடாமல், யாரும் பலகையைப் பிடிக்காமல் அவனே தட்டும் ஒரு சொல்லைத்தான் அவனுடைய சொல் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேசிவிடுவான் என்று சில லட்சம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்திருக்கிறது. மற்றபடி, உத்தரவாதம் பற்றி முன்பே சொன்னதுதான்.

அவன் முன்னாலேயே “பாவம், ஒன்றும் புரியாது” என்கிறார்கள் உறவினர்கள். உண்மையில் அவனுக்கு எவ்வளவு புரியும்?

இதை இரு பக்கமும் தவறாகக் கணிக்கிறோம். “செருப்புப் போடு” என்றதும் போடுகிறான் என்றால், நீங்கள் கையில் வண்டிச் சாவியை எடுத்ததைப் பார்த்துத்தான் போட்டிருக்கலாம். மாலையில், எங்கும் கிளம்பாத நேரத்தில், கை காட்டாமல், செருப்பைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். அவனுக்குப் புரியவில்லையென்றால் படத்தையோ பொருளையோ காட்டிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வீர்கள். மறுபக்கம், பெரும்பாலான பரிசோதனைகள் சுட்டிக்காட்டச் சொல்கின்றன, பதில் சொல்லச் சொல்கின்றன. உடலை நினைத்தபடி இயக்க முடியாத குழந்தைக்குத் தெரிந்ததும் அதில் தெரியாததாகவே பதிவாகும்.

அளவு தெரியும்வரை, புரிகிறது என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்வதில் யாருக்கும் கெடுதல் இல்லை. அவனைப் பற்றி அவன் முன்னால் பேசவேண்டி வந்தால் அவனையும் சேர்த்துப் பேசுங்கள். உறவினர் உங்களைப் பார்த்து “இவனுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டால், “அவனையே கேளுங்கள், பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும்” என்று சொல்லிவிட்டுப் பலகையை அவன் பக்கம் நகர்த்திவையுங்கள்.